அன்று ஒலித்தது நீலாம்பரி அல்ல

சத்தம் போடாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறேன், ஜானு அக்கா.

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன் அறைக் கதவின் கீலுக்கு இன்னும் வாரம் ஒரு தடவை எண்ணெய் விடுகிறேன். "யாருக்கு இந்த உபசாரம்?" என்று என் மனைவி கோமளா கேட்டாள். கேட்டவளே எண்ணெய்க் கிண்ணத்தை என் கைக்கு எட்டும்படி நகர்த்தியும் வைத்தாள்.

மைசூர் அப்படியேதான் இருக்கிறது. ஜட்கா குறைந்திருக்கிறது, பஸ் கூடியிருக்கிறது. மில் சங்கு மட்டும் ஒரு நிமிஷம் தப்பவில்லை. காலையில் குக்கரஹள்ளிக் கெரைப் பக்கம், ஏரிக்கரையில், நடக்கப் போகிறேன். பனி தண்ணீரை விட்டு எழும்போது ஏதோ ஒரு ஓசை இருப்பதாக நீ சொல்வாய். நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு நிஜமாகவே கேட்டதா, அக்கா?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பால்காரன் பித்தளைக் குடத்தைக் கல்லில் வைத்தால் உனக்குப் பல் கூசும். தசராவுக்குப் பீரங்கி வெடித்தால் இரண்டு நாள் சாதம் இறங்காது. அடுத்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு, சமாதானமாகிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நீ இங்கே இன்னும் அழுதுகொண்டிருப்பாய். புக்ககத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். மூன்று மாதத்தில் அத்திம்பேரே உன்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். உறவுக்காரர்கள் பிடிவாதம் என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. நான் நிருபன். இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொள்கிறவன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் தேவசகாயம் நம் வீட்டுக்கு வந்தார். அரண்மனை பாண்டில் கிளாரினெட் வாசித்தவர். பாண்டைக் குறைத்துவிட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போய் பியானோவுக்கும் ஆர்மோனியத்துக்கும் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். கோமளாவின் ஆர்மோனியத்தைப் பிரித்து, ஒவ்வொரு ரீடாக ஊதி, அரத்தால் சுரண்டி, மறுபடி பொருத்திக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து உன் குரல் வந்தது.

"அந்த மூணாவது இன்னும் கொஞ்சம் அழறது. பிரிச்சுப் பாருங்கோ."

அவர் பிரித்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "யார் சார் உள்ளே?"

"என் அக்கா. உடம்பு சரியில்லை. நரம்புத் தளர்ச்சி."

"நரம்புத் தளர்ச்சியா! இந்தக் காது எங்க பாண்டுல ஒருத்தனுக்கு இருந்திருந்தா எங்க வெள்ளைக்கார மாஸ்டர் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு ஊருக்குப் போயிருப்பார் சார்."

உள்ளே நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது என்று என்னால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் மறுபடி வந்தார். அம்மாவின் தம்புராவைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்து, உன் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தார். பாடவில்லை. வாசிக்கவும் இல்லை. தந்திகளைச் சேர்க்கத் தொடங்கினார், அவ்வளவுதான். இரண்டு தந்தி ஏறக்குறையச் சேர்ந்து, முழுக்கச் சேராமல் இருக்கும்போது நடுவில் ஓர் அலை எழும். உவ், உவ், உவ் என்று அடித்துக்கொள்ளும். நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகும். வேறு யாராக இருந்தாலும் முறுக்காணியைத் திருகி அரை நிமிஷத்தில் முடித்திருப்பார்கள். அவர் தந்தியில் கோத்த மணிகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். அலை நீண்டது. இன்னும் நீண்டது. வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. உன் மூச்சும் அந்த அலையோடு நீள்வதை நான் பார்த்தேன். காற்று நின்ற கெரை மாதிரி ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்றாகியது. எங்கே தந்தி, எங்கே கூடம், எங்கே நாம் என்று தெரியவில்லை.

மூன்றேகாலுக்குத் தொடங்கினார். நாலு மணிக்கு மில் சங்கு ஊதியது. நீ காதைப் பொத்திக்கொள்ளவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாய்.

"என்ன ராகம்?" என்று கிசுகிசுத்தேன்.

"ராகமா? இப்பத்தானே சார் சுருதியே சேர்ந்திருக்கு."

அந்தப் பதில் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தேதியோடு இருக்கிறது. ஒரு மாதம் அவர் தினமும் வந்தார். நீ கூடத்துக்கு வந்தாய், பிறகு கொல்லைக்கு, பிறகு ஒரு நாள் தேவராஜ மார்க்கெட் வரை என்னோடு நடந்து வந்தாய். நான் அதைச் செய்தியாக எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். அந்தப் பத்திரிகைக்கு நான்தானே மைசூர் நிருபன்? ஆசிரியர் டிரங்க் காலில் கூப்பிட்டார்.

"எல்லாம் சரி ஓய், எந்த ராகம்னு எழுதலையே?"

"ராகம் இல்லை சார். சுருதி சேர்த்தார், அவ்வளவுதான்."

"ராகம் இல்லாம இது என்ன செய்தி? தலைப்பு எப்படிப் போடறது? சீக்கிரம் சொல்லும், மூணு நிமிஷம் ஆகப் போறது, லைன் கட்டாயிடும்."

"நீலாம்பரி" என்றேன்.

ஏன் சொன்னேன்? தாலாட்டு என்றால் அந்த ராகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஒரு வார்த்தை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பஞ்சாயத்துத் தலைவரின் இனிஷியலைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை. காலையும் மாலையும் நீலாம்பரி கேட்டு நரம்பு நோய் தீர்ந்த மைசூர்ப் பெண் என்று கொட்டை எழுத்தில் வந்தது. நம் தெருவின் பெயரும் வந்தது.

நீ படித்தாய். பேப்பரை நாலாக மடித்து என்னிடம் நீட்டினாய். "நேக்குன்னு இருந்தது இந்தக் காது ஒண்ணுதான், கிட்டு. அதையும் அச்சுல போட்டுட்டே. அதுவும் தப்பா."

மூன்று மாதம் கழித்துச் சாமராஜநகரிலிருந்து வேலுச்சாமி வந்தார். தாலூகா ஆபீசில் குமாஸ்தா. கூடவே அவர் மனைவி சரோஜா. முக்காட்டை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் பையிலிருந்து என் செய்தியை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

"நீங்கதானுங்களா எழுதுனது? கிராமபோன் இரவல் வாங்கினேனுங்க. நீலாம்பரி பிளேட்டு மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சேன். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, ஒரு நாள் தப்பலீங்க. முன்னாடி இவ சத்தத்துக்குத்தான் பயந்தா. இப்ப என்னையக் கண்டாலே பயப்படறா. வர்ற திங்கக்கிழமை பெங்களூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில விட்டுரச் சொல்லி எங்கண்ணன் எழுதிட்டாரு. அதுக்கு முன்னாடி அந்தம்மாவை ஒருக்கா பாத்தரலாம்னு..." குரல் ஏறிக்கொண்டே போனது. "பேப்பர்ல பொய் எழுதுவீங்களா சார்?"

நீ கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாய்.

"கிட்டு, அவரைக் கத்த வேண்டாம்னு சொல்லு. அந்தப் பொண்ணை உள்ளே அனுப்பு."

"உன்னால முடியாது அக்கா. வெளி மனுஷா ஒரு மணி நேரம் இருந்தாலே நோக்கு..."

"போதும்! நீ பண்ணி வெச்சதுக்கு அவ காதைப் பொத்திண்டு நிக்கறா. வழியை விடு."

அன்று வியாழக்கிழமை. நாலு நாள் இருந்தது. முதல் நாள் முழுவதும் இரண்டு பேரும் பேசவில்லை. நீ அவளைக் கவனித்தாய். தெருவில் ஜட்கா போனால் அவள் தோள் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டேயிருந்தாய். இரண்டாம் நாள் தேவசகாயம் வந்து, உனக்குச் செய்தது போலவே தம்புராவைச் சேர்க்கத் தொடங்கினார். அவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உன்னைத் தூங்கவைத்த அலை அவளை நடுங்கவைத்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. நீ மட்டும் கலங்கவில்லை.

"அடுத்த சத்தம் எப்போ வரும்னு அவளுக்குத் தெரியலை. அதுதான். கிராமபோனும் அப்படித்தானே? ஊசி கீய்ங்னு இழுக்கும். எப்போ நிக்கும்னு கேக்கறவாளுக்குத் தெரியாது."

மூன்றாம் நாள் காலையில் தம்புராவை அவள் மடியில் சாய்த்தாய். "நீயே மீட்டு. வேண்டாம்னா விட்டுடு. ஒருத்தரும் கேக்க மாட்டா."

அவள் விரலைக் கொண்டுபோனாள், எடுத்துக்கொண்டாள். மறுபடி கொண்டுபோனாள். ஒரு மணி நேரம் அப்படியே. பிறகு ஒரு தந்தி. அது ஓயும் வரை காத்திருந்தாள். பிறகு இன்னொன்று. மத்தியானத்துக்குள் கன்னத்தைத் தம்புராவின் குடத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் ஒளி தேன் மாதிரி மெதுவாக நகர்ந்தது. வெளியே ஒரு ஜட்கா போயிற்று. அவள் தோள் ஏறவில்லை. அவள் விரல் மட்டும் ஒரு கணம் நின்று, அதைப் போகவிட்டு, அடுத்த தந்தியைத் தொட்டது.

"அம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அவரைச் சாப்புடச் சொல்லுங்க. நேத்துல இருந்து அவரும் சாப்புடலீங்க."

வேலுச்சாமி கொல்லைப்பக்கம் போய்ப் பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை அவர்கள் பெங்களூர் பஸ் ஏறவில்லை. அம்மாவின் தம்புராவோடு சாமராஜநகர் பஸ் ஏறினார்கள். நீ ஒரு வாரம் கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு இருட்டில் படுத்திருந்தாய். எழுந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "தப்புன்னு எழுது."

எழுதினேன். ஆசிரியர் சிரித்தார். "ராகத்துக்கெல்லாமா ஓய் திருத்தம் போடுவா? மினிஸ்டர் பேரைத் தப்பாப் போட்டா சொல்லும்." நான் விட்டுவிட்டேன். நீ விடவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பாய்: "திருத்தம் வந்துதோ?" கடைசித் தடவை கேட்டபோது உன்னால் தலையைத் தூக்க முடியவில்லை. "வரும்" என்றேன். நீலாம்பரிக்குப் பிறகு நான் சொன்ன இரண்டாவது பொய் அதுதானா, அக்கா? நீ நம்பினாயா?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்தார். நல்லவர், மெதுவாகப் பேசுகிறவர். சத்தம் தாங்காதவர்களுக்கென்று எட்டுக் கட்டில் போட்டு ஒரு வார்டு திறக்கிறாராம். சந்தோஷமாக இருந்தது. பிறகு என் பழைய செய்தியை நீட்டினார். வார்டின் கூரையில் ஒலிபெருக்கி வைத்து, காலையும் மாலையும் நீலாம்பரி.

"அது தப்பு டாக்டர்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார். ஆனா நான் கமிட்டிக்குக் காட்டினது இந்தக் கட்டிங்தான். இது தப்புன்னு அச்சுல ஏதாவது வந்திருந்தா குடுங்க, காட்டறேன்."

என்னிடம் ஒன்றும் இல்லை. எட்டுக் கட்டில், அக்கா. எட்டு ஜோடிக் காது. நிறுத்தச் சொல்ல வாய் வராதவர்கள்.

சென்னையில் இப்போது புது ஆசிரியர். அவரும் திருத்தம் போட மாட்டேன் என்றார், இத்தனை வருஷம் கழித்துப் போட்டால் யாருக்குப் புரியும் என்று. "உங்க அக்காவுக்கு நினைவஞ்சலியாக் கடிதம் எழுதுங்கோ, போடறேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னை மறுபடி அச்சில் ஏற்றுகிறேன். ஜானு என்பது உன் பெயர் இல்லை என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தெருப் பெயரையும் போடவில்லை, பார்த்தாயா?

கேட்டுக்கொள்:

'நரம்பு நோயுற்ற மைசூர்ப் பெண் ஒருவர் நீலாம்பரி ராகம் கேட்டுக் குணமடைந்ததாக எமது மைசூர் நிருபர் முன்பு எழுதியது தவறு. அன்று எந்த ராகமும் வாசிக்கப்படவில்லை. ஒருவர் சுருதி சேர்த்தார். ஒருவர் கேட்டார். அவருக்கு உதவியது வேறொருவருக்கு உதவவில்லை. அந்த ராகத்தின் பெயரை நிருபர் தாமாகச் சேர்த்தார்.'

சரோஜா நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். கல்யாண மேளம் என்றால் இன்னும் தோட்டத்துக்குப் போய்விடுவாளாம். ஆனாலும் என் கடிதம் கிடைத்ததும், டாக்டரிடம் தானே பேசுவதாகத் தந்தி கொடுத்திருக்கிறாள். அவளோடு நானும் போகிறேன். எட்டுக் கட்டிலுக்கும் போவோம். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்காருவோம். அவர்களுக்கு என்ன கேட்கிறது என்று தெரிகிற வரையில் கூரையில் ஒரு ஆணிகூட அடிக்க விட மாட்டேன். இது வாக்கு.

தாமதமாகவேனும் உண்மையை எழுதிவிட்ட,
உன் தம்பி
கிட்டு