எல்சி கேட்ட முடிவு

ஜூன் 12, 1949. ஞாயிறு

எட்டாவது கதையும் படுத்துவிட்டது. ஒரு கப்பல் கலாசியை ரங்கூனில் இறக்கினேன். ஊரில் குண்டு விழவைத்தேன். பர்மாவை விட்டு நடக்கவைத்துக் காட்டுப் பாதை வரைக்கும் கொண்டுவந்தேன். மூன்று நாளாக அங்கேயே நிற்கிறான். நானும் அவனோடு நிற்கிறேன்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் சாயபுவின் கொட்டகையில் பதினாறு பேர் பீடி சுற்றுகிறோம். முறத்தை மடியில் வைத்தால் கைக்குத்தான் வேலை, காது சும்மா. அதனால் ஒருவர் உரக்கப் படிப்பது வழக்கம். காலையில் பேப்பர், மத்தியானம் கதை. படிக்கிறவன் கை அந்த நேரம் சும்மா இருப்பதால், சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி பீடி அவன் முறத்தில் போட்டுவிடுவார்கள். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்த வேலை எனக்கு. போன வருஷம் பத்திரிகைக் கதைகள் தீர்ந்துபோன ஒரு நாள், நானே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று வாயை விட்டேன். எட்டு ஆரம்பித்தாயிற்று. முடித்தது ஒன்றும் இல்லை. ஊரார் சுற்றிய பீடியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு அவர்களைப் பாதி வழியில் விட்டுவிடுகிறேன். இதற்குப் பெயர் திருட்டு இல்லாமல் வேறென்ன?

இலை வெட்டும் அஜீசாக்கா இன்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “இன்னா கோதண்டம், அந்த ஆளு இன்னும் காட்லயே நின்னுகினு கீறானா? காலு மரத்துப் பூடும்பா!”

கொட்டகையே சிரித்தது. எல்சி மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 13

ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

ஜூன் 19

எல்சியைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். நோட்டு என்னுடையது, படிக்கப்போவது நான். இதில் யாருக்குப் பயம்?

இக்னேஷியஸின் பெண்டாட்டி எல்சி. அவனும் நானும் நாற்பத்தொன்றில் ஒரே கப்பலில் ரங்கூன் துறைமுக வேலைக்குப் போனோம். அவர்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த வருஷம் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஊர் காலியானபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தோம். வீடு வந்து சேர்ந்தது நான் ஒருவன். அன்றைக்கு அவள் வாசலில் நின்று, “கூட்டத்துல பிரிஞ்சிட்டோம்மா. நல்லாத்தான் இருந்தான். பின்னால வந்துடுவான்” என்று சொன்னேன். ஏழு வருஷம் ஆகிறது. நான்தான் அவளைக் கொட்டகையில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். பெரிய உபகாரி.

இன்று நூல் கட்டிக்கொண்டே, தலை தூக்காமல் கேட்டாள்: “அண்ணாத்தே, அந்தக் கலாசி வூடு வந்து சேருவானா?”

“தெரியலம்மா.”

“எழுதறது நீதானே? ஒனுக்கே தெரிலன்னா?”

அவளுக்காகவே கலாசிக்குப் போன வாரம் நல்ல உடம்பும் சட்டைப்பையில் பொரியும் கொடுத்திருந்தேன். அதைப் படித்தபோது அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஜூன் 29

நோன்பு தொடங்கிவிட்டது. அஜீசாக்கா பச்சைத் தண்ணீர் வாயில் படாமல் இலை வெட்டுகிறாள். வேலை முடிந்ததும் என்னை நிறுத்தினாள். “நோன்பு வாயால திட்ட வெச்சிடாத. ஒயுங்கா கேளு.”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தேவப்பிரியம் என்ற மனிதர் எல்சியைக் கேட்கிறாராம். பெண்டாட்டி இறந்தவர், குடிக்கிற ஆள் இல்லை, இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். அக்டோபரில் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். அதற்குள் பதில் வேண்டும். எல்சிக்கும் மனசு இருந்திருக்கிறது. ஆனால் முதல் புருஷன் செத்தான் என்பதற்குச் சாட்சி இல்லாமல் கல்யாணம் செய்துவைக்க முடியாது என்று மாதா கோயில் சாமியார் சொல்லிவிட்டார். சரி, மேலிடத்துக்கு, பிஷப்புக்கு எழுதிக் கேட்கலாம் என்று இருந்தவள், இப்போது அதுவும் வேண்டாம் என்கிறாளாம்.

“ஏன்க்கா?”

“ஏனா? நீ படிக்கிற கதைதான். நீ அந்தாளு கூட நடந்தவன். மூஞ்சிக்கு நேரா சொல்ல வராதத கதையா சொல்லிகினு கீறேன்னு அது நெனச்சிகினு கீது. ஒன் கலாசி திடகாத்திரமா நடக்கறான், பொரி துன்றான். அப்போ எம் புருசன் உசுரோட கீறான்னு தேவப்பிரியத்துக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடுச்சி. கதை முடியட்டும், பாத்துக்கலாம்னுது.”

ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்! பொழுது போவதற்குப் படித்த கதை. அதை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தள்ளிப்போடுவாளா? போடுவாள். ஏன் போடமாட்டாள்? ஏழு வருஷமாக என் பேச்சை நம்பித்தானே தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

ஜூலை 3

முடித்தேன்! கலாசியைப் பாம்பு கடிக்கிறது. சிநேகிதன் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்கிறான். கலாசி பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடுகிறான். சிநேகிதன் குழி வெட்டிச் சிலுவை நட்டுவிட்டு அழுதுகொண்டே நடக்கிறான். அழகாக வந்திருக்கிறது. சுத்தப் பொய்.

என் பெண்டாட்டி மங்கம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: “கத முடிஞ்சிதுன்னியே, அப்பால ஏன் மூஞ்சி இப்டி கீது?”

அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். “அடுப்பு எரியறதுக்கு ஒரு கத வேணுமா, வெறவு இல்லியா?” என்றாள்.

ஜூலை 8. வெள்ளி

கொட்டகைக்கு லீவு. மங்கம்மா எண்ணூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். இன்று எழுதாவிட்டால் நான் எழுதவே மாட்டேன்.

மார்ச் 2, 1942. புரோம் என்ற ஊரைத் தாண்டி மலைப்பாதையில் மூன்றாவது நாள். காலையிலிருந்து இக்னேஷியஸுக்கு வாந்தியும் பேதியும். வழியெல்லாம் அப்படி விழுந்து கிடந்தவர்களைத் தாண்டித்தான் வந்தோம், என்ன வியாதி என்று இரண்டு பேருக்கும் தெரியும். மத்தியானம் அவனால் நடக்க முடியவில்லை. ஒரு மரத்தடியில் சாய்த்து உட்காரவைத்தேன். கண் உள்ளே போய்விட்டது. “கோதண்டம், தண்ணி கொண்டாடா” என்றான். பால் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

அரை மைல்கூட இல்லை. ஓடை இருந்தது. வயிறு முட்டக் குடித்தேன். டப்பாவை நிரப்பினேன். அங்கே ஏழெட்டுத் தெலுங்குக்காரர்கள் கிளம்பிக்கொண்டு இருந்தார்கள். கடற்கரையில் படகு இருக்கிறது, நாளைக்கு இருக்காது என்றார்கள். திரும்பிப் போய்க் கூட்டிவரச் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான் என்றேன். என்ன உடம்பு என்று கேட்டார்கள். சொன்னேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நானும் நடந்தேன்.

டப்பா நிறையத் தண்ணீர் என் கையில் இருந்தது. அவனுக்கென்று மொண்ட தண்ணீர். அதை நான்தான் வழியெல்லாம் குடித்தேன்.

இதுவரைக்கும் தெரியும். அதற்குமேல் எனக்குத் தெரியாது. எத்தனை நேரம் கூப்பிட்டான்? நான் வருவேன் என்றே நினைத்துக்கொண்டு போனானா, இல்லை, புரிந்துகொண்டானா?

எட்டுக் கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் ஒருவன் மருந்து வாங்கப் போகிறான். ஒன்றில் வண்டி பார்க்கப் போகிறான். ஒன்றில் தாயைத் திண்டிவனம் ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு டிக்கெட் எடுக்கப் போகிறான். எல்லாம் அந்த இடத்தில் நிற்கின்றன. எனக்குக் கற்பனை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அட மடையா!

ஜூலை 9

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் படிக்கவில்லை. அப்படியும் பாவம் என்று ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 12. செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதாகத்தான் இருந்தேன். காலையில் இரண்டு தரம் அவள் பக்கத்தில் போய்த் திரும்பினேன். மத்தியானம் எல்லோரும் “கதை, கதை” என்றார்கள். கதை நோட்டைப் பிரித்தேன். கலாசிக்கு வாந்தி கண்டது வரை படித்தேன். சிநேகிதன் டப்பாவோடு போனான் என்று படித்தேன். அதற்குமேல் தாளில் ஒன்றும் இல்லை. நோட்டை மூடிக் கீழே வைத்தேன்.

“எல்சி, இது கத இல்லம்மா. போனது நான். திரும்பிப் போவல” என்றேன்.

பதினைந்து பேர் கையும் நின்றது. இலை வெட்டும் கத்தரிச் சத்தம்கூட இல்லை.

எல்சி முறத்தை இறக்கி வைத்தாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: “தண்ணி கெடச்சிதா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.

“கெடச்சிது” என்றேன்.

அப்போதுதான் எழுந்தாள். “அவரு சாவுக்கு நீ காரணம்னு நான் சொல்ல மாட்டேன். அந்தச் சீக்கு வந்தா யாரும் பொயைக்க மாட்டாங்க. பயம் யாருக்கும் வரும். ஆனா வந்து எங்கிட்ட சொல்றதுக்கு ஒனுக்கு இன்னா சீக்கு? ஏழு வருசம்! ராயபுரம் ஸ்டேசன்ல ரயிலு நின்னா ஓடிப் போயிப் பாப்பேனே. நீ பாத்துகினுதானே இருந்தே? என் ஏழு வருசத்த எவன் குடுப்பான்?”

போய்விட்டாள். அஜீசாக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 13

எல்சி வேலைக்கு வரவில்லை. நான் பேப்பரைக் கையில் எடுத்தேன். “வேணாம்பா, சும்மா இரு” என்றார் யாரோ. என் பீடியை நான் சுற்றினேன்.

மங்கம்மாவிடமும் சொன்னேன். “அவன் கூப்புட்டது காதுல கேட்டுகினே கீதா?” என்றாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, சோறு போட்டாள்.

ஜூலை 21

சாயங்காலம் எல்சி வீட்டுக்கு வந்தாள். கூடத் தேவப்பிரியம். நெட்டையான மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மங்கம்மா பாய் போட்டாள். எல்சி உட்காரவில்லை.

“கடசியா பாத்தவன் எயுதிக் குடுத்தா மேலிடத்துக்கு அனுப்பலாம்னாரு சாமியாரு. எயுதிக் குடு” என்றாள். பிறகு சொன்னாள்: “கத மாதிரி எயுதாத. நடந்தத எயுது.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள், நான் எழுதினேன். அவன் பெயர், ஊர், தேதி, இடம், வியாதி. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு போனது. ஓடை. படகு என்றதும் போனது. முதலில் அவளிடம் சொன்ன பொய்யும். ஒரு வார்த்தை அடிக்கவில்லை. ஒன்றரைப் பக்கம். கீழே கையெழுத்துப் போட்டேன். நான் எழுதியதில் முடிந்தது இது ஒன்றுதான்.

“படி” என்றாள். படித்தேன். “தண்ணி கொண்டா என்று கேட்டான்” என்ற இடம் வந்ததும், “அத்த இன்னொரு வாட்டி படி” என்றாள். படித்தேன். “என்னெப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?” என்றாள்.

“முந்தின நாள் சொன்னான். நீ வெக்கிற கருவாட்டுக் கொழம்பப் பத்தி.”

தேவப்பிரியம் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். எல்சி அப்போதுதான் அழுதாள். மங்கம்மா பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்க முடியுமா? தாளை மடித்துத் தேவப்பிரியத்தின் கையில் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். அடுத்த மாதம் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள் என்று அஜீசாக்கா சொன்னாள். என்னிடம் அவள் பேசியது இத்தனை நாளில் இதுதான் முதல். “ஒன்னெ மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. தெரியணுமேன்னு சொன்னேன்” என்றாள்.

செப்டம்பர் 25. ஞாயிறு

விடியற்காலைப் பூசைக்குப் போனேன். உள்ளே போகவில்லை, வாசற்படிக்கு வெளியே செருப்புகள் பக்கத்தில் நின்றேன். போகவேண்டாம் என்று மங்கம்மா சொன்னாள். போகாமல் இருக்க முடியவில்லை. இன்று மூன்றாவது ஓலை.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் ஒரு தாளை எடுத்தார். விசாகப்பட்டினத்துக்குப் போகிற தேவப்பிரியத்துக்கும், “காலஞ்சென்ற இக்னேஷியஸின் மனைவி எல்சிக்கும்” கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று வாசித்தார். காலஞ்சென்ற. ஏழு வருஷத்தில் யாரும் அந்த வார்த்தையை அவன் பெயருக்கு முன்னால் சொல்லி நான் கேட்டதில்லை. ஜனங்கள் இருமினார்கள், குழந்தையைத் தட்டிக்கொடுத்தார்கள். சாமியார் வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார்.

எல்லோரும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எல்சி மட்டும், ஸ்டேஷனில் ரயிலைப் பார்க்கிற மாதிரி, தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்று கால் எடுத்தேன். ஒதுங்கவில்லை. அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்றேன்.