முதல் பெஞ்சுக்காரி

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

வந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கே சுடுதண்ணீர்க் குழாய் வலப்பக்கம். முதல் நாளே கையைச் சுட்டுக்கொண்டேன். பஸ்ஸில் தப்பான இடத்தில் இறங்கி, வழி கேட்கப் பேச்சு வராமல், ஒரு மணி நேரம் நடந்தேன். முப்பத்தாறு வருஷம் டீச்சராக இருந்தவள் ரொட்டிக் கடையில் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

என் ஆங்கில வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில். பதினாறு பேர். பகலெல்லாம் சலவைக்கூடத்தில் நின்றுவிட்டு வருகிற பெண்கள்தான் அதிகம். முதல் பெஞ்சில் யார் தெரியுமா? நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா. வயது எழுபத்தொன்று. மகன் வேறு தேசத்தில். பேத்திகளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் வரும். போனில் அவர்களோடு பேச வேண்டும் என்று படிக்கிறாள். வகுப்பில் நான் டீச்சர். வீட்டுக்கு வந்தால், ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று சைகையிலேயே அதட்டுகிறாள். அப்படியே உன்னை மாதிரி. நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

ஆறு மாதம்தானே, ஓடிவிடும்.

அன்புடன்,
சின்னவள்

ஜூன் 27

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கை சுட்டதற்கு என்ன போட்டாய் என்று எழுதவில்லை. போனில் கேட்டிருப்பேன். நான் போனை எடுத்தால், மருமகளுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் கூடத்தைப் பெருக்க வேண்டும். அதனால் இந்த நாலாம் வகுப்புக் கையெழுத்தைப் பொறுத்துப் படி.

ரிட்டயர் ஆனதும் என்னோடு வந்து இருப்பேன் என்றாய். மாடி அறைக்கு வெள்ளையடித்தேன், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். நீ சம்பளமில்லாத வேலைக்குக் கடல் தாண்டிப் போய்விட்டாய். சரி, போனாய். யாரோ ஒருத்தி என்னை மாதிரி என்று எழுதினாயே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. உன் தலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அம்மா படுக்கையில் விழுந்தபோது உனக்கு இரண்டு வயது, எனக்கு ஒன்பது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து அந்தத் தலையைத் துவட்டியவள் நான்.

இன்னொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு மறந்திருக்கும். மறக்கிற வசதி உனக்கு எப்போதும் உண்டு. பேரன் பள்ளியில் சேர்ந்த வருஷம், ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. அவனும் மருமகளும் என் எதிரிலேயே ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கிறார்கள். பேச்சு என்னைப் பற்றித்தான் என்று தெரிகிறது. என்ன பேச்சு என்று தெரியவில்லை. புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். “எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுடி” என்றேன். நீ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. “இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா? காபி குடி” என்றாய். அந்தக் காபியில் சர்க்கரையும் இல்லை.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அவளுக்கு இப்போது எழுபத்தொன்று.

இப்படிக்கு,
பெஞ்சில் இடம் கிடைக்காதவள்

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

கை ஆறிவிட்டது. கோபப்படாதே. நோட்டு விஷயம் நினைவில்லை. வேலை இருந்திருக்கும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. வீட்டுக்காரம்மா போனில் பேத்தியிடம், “சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்” என்று ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டாள். அந்தக் குழந்தை பதில் சொன்னதும் போனை என் கையில் திணித்துவிட்டு அழுதாள். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். என்னை அனுப்பிய அமைப்பில், அறுபது தாண்டியவர்களுக்கு வீட்டார் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் பேருக்கு ஃபாரம் அனுப்பியிருக்கிறார்கள். வந்ததா?

சின்னவள்

செப்டம்பர் 14

சின்னவளுக்கு,

ஃபாரம் வந்தது. தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று மருமகளிடம் போய் நிற்க வைத்தாய். “இவ்ளோதான் அத்தை, கையெழுத்துப் போட்டா சின்னத்தை அங்கேயே இருப்பாங்க” என்றாள். முகத்தில் என்ன குளிர்ச்சி. மாடி அறை மேல் அவளுக்கு ஒரு கண்.

கையெழுத்துப் போட மாட்டேன். யாரோ ஒருத்தியின் பேத்தி சாப்பிட்டாளா என்று தெரிந்துகொள்ளவா உன்னை வளர்த்தேன்?

நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் உனக்குப் பேச்சு குட்டையாகிவிடும். அந்த இரண்டு வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவள் எனக்கு மட்டும் ஏன் தரவில்லை? அதை எழுது. அதுவரை ஃபாரம் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

அக்கா

அக்டோபர் 1

அக்கா,

நினைவிருக்கிறது. நீல அட்டை போட்ட நோட்டு. நீ படியிறங்கிப் போன பிறகு ஒரு விடைத்தாள் கூடத் திருத்த ஓடவில்லை.

நம் வீட்டில் எதற்கும் உன்னைத்தான் கேட்பார்கள். எது எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் என்றைக்கு என்ன சொன்னார்கள், எல்லாம் உனக்கு மனப்பாடம். நான் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று அப்பா என் மார்க் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “பெரியவளைப் படிக்க வச்சிருந்தா இந்நேரம் ஜட்ஜா உக்காந்திருப்பா.” நீ அப்போது கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய்.

உன்னிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். சொல்லித் தந்தால் ஆறு மாதத்தில் என்னைத் தாண்டிவிடுவாய் என்று பயந்தேன். வீட்டுக்காரம்மாவிடம் அந்தப் பயமில்லை. அவளுக்கு எதுவும் சீக்கிரம் வராது. பொறாமைதான் அக்கா, வேறொன்றும் இல்லை.

ஃபாரத்தைக் கிழித்துவிடு. வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

சின்னவள்

அக்டோபர் 20

சின்னவளுக்கு,

மூன்று தடவை படித்தேன். அப்பா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் நடந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால், துவைக்கிற கல்லில் எத்தனை வருஷத்தைச் சிரித்துக்கொண்டே ஓட்டியிருப்பேன். ஆங்கிலத்தை ஒளித்தாய், போகட்டும். அதையும் சேர்த்து ஒளித்துவிட்டாயே.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ இப்போதே வந்து நின்றால் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பாதியில் இறங்கிவிடும். இந்தத் தடவை முழுசாகக் கோபப்பட வேண்டும். அதற்கு ஒரு வருஷமாவது வேண்டும்.

எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். பயந்து பயந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அவளுக்கு எதுவும் சீக்கிரம் வராது என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்லித் தருகிற லட்சணம் அப்படி இருக்கும். அந்த ஊர்ப் பேச்சு இதற்குள் உனக்குக் கொஞ்சம் வந்திருக்குமே, நான் சொன்னதாக அவளிடம் சொல்: “எங்கள் சின்னவள் நல்லதில் கொஞ்சத்தை உள்ளங்கையிலேயே மூடி வைத்துக்கொள்வாள். போதும் என்று அவள் எழுந்தாலும் நீ எழுந்திருக்காதே. கையை விரித்துக் காட்டச் சொல்.”

ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். சொன்னாயா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா