எல்லாப் பக்கமும் சிவப்பு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், சுகமா என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எழுதாதே, நேரில் வந்து சொல். போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்ததும் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து எதையாவது தேட வேண்டியிருக்கிறது. விஷயம் அவரைப் பற்றியது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் அவர் வீட்டில் என்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரியும், நான் கூடத்தைத் தாண்டினால்கூட இடது பக்கம் ஒதுங்கிப் போ என்பார். இந்த சீசனுக்கு ஊருக்குள் சுற்றுலாக் கார் எதையும் விடுவதில்லை என்று முடிவாகி, எல்லாவற்றையும் வெளியே மைதானத்தில் நிறுத்தச் சொல்லி, ஆட்களை மட்டும் பேட்டரி வேனில் ஏற்றிக் கோட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் ஒரு வேன் இவருக்குக் கிடைத்தது, மனிதர் முகத்தில் களை வந்துவிட்டது. நான் வழக்கம்போல் கட்டுப்பாட்டு அறையில் கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து எங்கே அடைக்கிறது என்று பார்த்து சிக்னலை மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஆகவே நாள் முழுக்க அவரையே பார்க்கிறேன். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

அப்படிப் பார்த்ததில்தான் தெரிந்தது. கோட்டைச் சந்திப்பில் பச்சை விழுந்தாலும் இவர் நகர்வதில்லை, பின்னால் ஹாரன் அடித்தால்தான் கிளம்புகிறார். வீட்டிலும் டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டுக் கோப்பையைத் திட்டுகிறார், பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிறார். கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன், எனக்கென்ன கேடு, உன் கண்ணைப் பார்த்துக்கோ என்றார். வற்புறுத்தினால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள், மறுபடி வீட்டில் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது. அதனால் ஆம்புலன்ஸ் வந்தால் கையால் பச்சை போட வைத்திருக்கும் பொத்தானை இவர் வண்டி வரும்போதெல்லாம் அமுக்க ஆரம்பித்தேன். சீசன் முழுக்க உன் அப்பா ஒரு சிவப்பைக்கூடப் பார்க்கவில்லை.

சந்தைத் தெருக்காரர்கள் காத்துக் காத்து எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், ஆனால் கோட்டைச் சாலை மட்டும் வெண்ணெயாய் ஓடியது. எங்கள் பெரிய அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி இது என்று ஆராய வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து வெயிலில் நின்று, புதிதாக வைத்த அம்புக்குறிப் பலகைதான் காரணம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது. பலகை சுவரைப் பார்த்து நிற்கிறது.

போன வாரம் ஒரு சுற்றுலாக்கார அம்மாள் குடையும் கையுமாக ரோட்டைக் கடக்கும்போது நான் பச்சை போட்டுவிட்டேன், அவள் திரையின் ஓரத்தில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை, உன் அப்பாவும் கவனிக்கவில்லை. வேனில் இருந்தவர்கள் கத்தியபிறகுதான் பிரேக் போட்டார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் இல்லை, குடை போயிற்று. அவர் அடுத்த நடை வந்தபோது என்ன நினைத்தேனோ, சந்திப்பில் எல்லாப் பக்கமும் சிவப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போன பஸ் நின்றதால் இவரும் நின்றார். ஊரே நின்றது, ஹாரன் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. கடைசியில் உன் அப்பா இறங்கி வந்து, கேமராக் கம்பத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, என்ன என்று கையை விரித்துக் கேட்டார்.

அன்று சாயங்காலம் வந்து, ஏன் என்மேல என்ன கோபம், இத்தனை நாளாப் பச்சை போட்டவ இன்னைக்கு ஏன் நிறுத்திட்டே என்கிறார். முப்பது வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு எந்த ஊருலயும் இத்தனை பச்சை விழாதுன்னு தெரியாதா, ஏதோ என்மேல ஆசையில போடுறேன்னு நெனச்சேன் என்றார். ஆசையும்தான், ஆனா உங்க கண்ணுக்காகத்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் அவராகவே போய் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

கண்ணில் புரையாம், சின்ன ஆபரேஷன், அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். இவர் மட்டும் பாப்பா வந்தால்தான் படுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். கட்டை அவிழ்க்கும்போது எதிரில் என் முகம் வேண்டாமாம், அது பார்த்த முகம்தானாம். வெளியே வீறாப்பு, உள்ளே பயம். லீவு கேள், தராவிட்டாலும் கிளம்பு. கோட்டைச் சாலை பழையபடி அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அலுவலகத்தில் அம்புக்குறிப் பலகையை இன்னும் பெரிதாக வைத்திருக்கிறார்கள்.

நோய் நொடி இல்லாமல் நீ தீர்க்காயுசாய் இருக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து டாக்சி உள்ளே வராது, பேட்டரி வேனில் ஏறு, புது டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான், கம்பியைப் பிடித்துக்கொள். கோட்டைச் சந்திப்பு வந்ததும் தலையை வெளியே நீட்டிக் கம்பத்தை அண்ணாந்து பார். உனக்குப் பச்சை போட மாட்டேன். சிவப்பிலேயே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா