தொமோவ்

டொக்யாட் வீதி,
திருகோணமலை.
12.03.1972

அன்புள்ள மகன் பேணாட்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான் கேட்டது சாப்பாட்டின் பெயரே அல்ல என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போன முறை அவசரமாக எழுதியதில் நடந்தது எதையும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தை மாதக் கடைசியில் தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பல், காய்ச்சலில் கிடந்த மாலுமி ஒருவனை இங்கே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனது. உன் வயதுதான் இருக்கும். ஸ்தெபான் என்று பெயர். நேர்ஸ் எல்சி பூசைக்கு வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பெடியன் ஒரு வாய் சாப்பிடுறானில்லை. நாங்கள் கேக்கிறது அவனுக்கு விளங்குதில்லை. உங்கட மகன் படிக்கப் போன நாட்டுக்காரனாம், ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோ" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? நீ போன புதிதில், சாப்பாட்டுக் கடையில் விரலால் காட்டிக் காட்டி வெட்கப்பட்டதையும், பிறகு கேட்கப் பழகிய சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினாயே, அவ்வளவுதான். அதை வைத்து இங்கே ஒரே பகிடி. தங்கச்சி கிறேஸ் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, "சோ சி தாத்தே", என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்பாள். அப்பா கதிரையில் சாய்ந்தபடி "பொலியெவ்கு" என்று சூப் கேட்பார். வந்ததோ பழஞ்சோறுதான்.

அந்தச் சொல்லோடுதான் போனேன். கட்டிலருகில் நின்று, கூச்சத்தோடு, "சோ சி தாத்தே" என்றேன். சுவர்ப் பக்கம் கிடந்தவன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுதுமுடித்து, சூப் கேட்டான்.

அன்றிலிருந்து தினமும் கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு அவித்துக் கொண்டுபோனேன். "எஷ்டே ட்ரொஹு", இன்னும் கொஞ்சம், என்று கோப்பையை நீட்டுவான். குடித்த பிறகு, பொக்கற்றே இல்லாத ஆஸ்பத்திரிச் சட்டையைத் தடவி, "ஸப்லாத்தீம்", நான் காசு தருகிறேன் என்பான். எல்சியும் சேர்ந்து சிரிப்பாள். மற்ற நேரமெல்லாம் ஏதேதோ நெடுகக் கதைப்பான். நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். நாலு வருடமாக ஊருக்குப் போகாதவன் என்று கப்பல் ஏஜென்ட் சொன்னார். தேறிவிட்டான், கொழும்புக்கு அனுப்பலாம் என்று டொக்டரும் சொன்னார்.

மாசி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை போனபோது காய்ச்சல் திரும்ப ஏறியிருந்தது. என் கையை இறுக்கிப் பிடித்து, "ஹ்செம் தொமோவ்" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். ஹ்செம் என்றால் 'எனக்கு வேணும்' என்று நீ எழுதியிருந்தாய். ஆகவே தொமோவ் ஏதோ சாப்பாடு என்று நினைத்தேன். பாண் துண்டைக் காட்டினேன், பாலைக் காட்டினேன், வாழைப்பழத்தைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினான். "பொறு ராசா, அம்மா செய்துகொண்டு வாறன்" என்று கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அங்கே உருளைக்கிழங்கைப் பாலில் மசித்துச் சாப்பிடுவார்கள் என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அதைச் செய்து மூடிக்கொண்டு வந்தபோது எல்சி அவன் முகத்தைச் சீலையால் மூடிக்கொண்டிருந்தாள். "நீங்கள் போன வாசலைப் பாத்தபடிதான் கிடந்தவன், அக்கா" என்றாள்.

அந்தத் துக்கத்தில்தான், தொமோவ் எப்படிச் சமைப்பது என்று உன்னிடம் கேட்டு எழுதினேன். வீட்டுக்குப் போகவேண்டும் என்றுதான் அவன் சொன்னான் என்று நீ பதில் எழுதினாய். அது அப்போதே விளங்கியிருந்தாலும் நான் அவனை எங்கே கொண்டுபோயிருப்பேன்? ஆனால் கையை விட்டிருக்கமாட்டேன், மகன்.

எங்கள் சவக்காலையிலேயே அடக்கம் செய்தோம். அப்பாவும் துறைமுகத்தில் அவரோடு வேலைசெய்பவர்களும் தூக்கினார்கள். ஸ்தெபான் என்பது எங்கள் புனிதர் முடியப்பரின் பெயர்தான் என்று சுவாமியார் சொன்னார்.

அவனுடைய தாய் ட்ரென்சீன் என்ற ஊரில் இருக்கிறாவாம். ஏஜென்ட் தந்த விலாசத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு லீவு கிடைக்கும்போது ஒருக்கால் போய் வா. பிள்ளை கடைசி நாட்களில் வயிறாறச் சாப்பிட்டான் என்று சொல்லு. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லவேண்டாம், மனுசி தாங்காது என்கிறார் அப்பா. நான் சொல்லு என்கிறேன். அது அவவுக்கு உரிய சொல். இடம் மாறி என்னிடம் வந்துவிட்டது.

படிப்பு முடிந்தாலும் அங்கேயே வேலை பார்க்கலாம் என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். அப்பா அந்த வரியை இரண்டுதரம் வாசிக்கச் சொன்னார். நானும் மறிக்கவில்லை. ஆனால் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் அறையைப் பூட்டிக்கொண்டு தனியே கிடக்காதே. பக்கத்து அறைப் பிள்ளைகளை எழுப்பு.

இன்னொன்று. 'பயப்படாதே', 'அம்மா பக்கத்தில்தான் இருக்கிறேன்' என்பதையெல்லாம் அங்கே எப்படிச் சொல்வார்கள்? தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. நான் பாடமாக்கி வைத்துக்கொள்கிறேன்.

தேவமாதா உன்னைக் கண்போலக் காத்து, போன வழியாலேயே கொண்டுவந்து சேர்ப்பாவாக.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
றீற்றா