ஈரத் தண்டவாளத்துக்கு நான் சொன்ன எண்

அண்ணாச்சி,

உன் லேப்டாப்பைத் திறந்தாலே பெருங்காய வாசனை அடிக்கிறது. துணி போட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டேன், மாடி வெயிலில் வைத்தும் பார்த்துவிட்டேன், போவேனா என்கிறது. எழுத்துகளின் இடுக்கில் நாலு சீரகம், ஒரு கடுகு, என்னவென்றே தெரியாத ஒரு பொடி. போன வாரம் உன் வீட்டுக்காரி இதை மஞ்சப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். இணையத்தில் யார் யாரோ உன்னைக் கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார்களாம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லையாம், ரயில் விவகாரம் என்பதால் நான்தான் பார்க்க வேண்டுமாம். செத்த பிறகும் உன்னைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். என்னை உயிரோடு இருக்கும்போதே எவனும் தேடுவதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒப்பாரிக் கடிதம் இல்லை. எனக்கு உன்மேல் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, நீ போய் ஏழு மாதம் ஆகியும் இருக்கிறது. செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவனை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீயே ஏதாவது பேர் வைத்துக்கொள்.

நான் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கு ரயில் டிரைவர். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் நிலக்கரி வண்டி இழுத்தே பாதி ஆயுசு போய்விட்டது. உனக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை, உன் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து போட்டது. நம் இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனாலும் மளிகைக் கடைக்காரன் என்றால் இந்தப் பக்கம் அண்ணாச்சிதானே, நானும் அப்படியே கூப்பிட்டேன். நீயோ இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வாயைத் திறந்தால் என்னைவிட அசல் மெட்ராஸ் பாஷை. ரயில் இன்ஜினுக்குள் ஒரு நாள்கூட நீ கால் வைத்ததில்லை.

இதெல்லாம் ஆரம்பித்த அன்றைக்கு மதியம் நான் உளுத்தம்பருப்பு வாங்க வந்திருந்தேன். கடையில் கூட்டமில்லை. தராசுக்குப் பக்கத்தில் இந்த லேப்டாப், அதில் ரயில் ஓட்டும் விளையாட்டு. திரையில் நின்றது நான் தினமும் ஓட்டுகிற அதே வகை டீசல் இன்ஜின். நீ வேகப் பிடியை ஒரு படி, அதாவது ஒரு நாட்ச், ஏற்றினாய், வண்டி மோட்டார் பைக் போல விருட்டென்று கிளம்பியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாட்சைப் போட்டால் டீசல் முதலில் உறுமும், புகை கக்கும், அப்புறம்தான் கரண்ட் முள் மெல்ல ஏறும், அதற்கும் அப்புறம்தான் வண்டி அசையும் என்று சொன்னேன். சும்மா பெருமைக்குச் சொன்னதுதான். நீ நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய்.

"எத்தினி செகண்டு கயிச்சு அசையும் டிரைவரே?"

இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வீட்டில் டூட்டி எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள், ஆபீசில் வண்டி ஏன் லேட் என்று கேட்பார்கள். எனக்கே பதில் தெரியவில்லை. அடுத்த நாள் வண்டியில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு வந்து சொன்னேன்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு கோப்பு உண்டு என்று நீதான் எனக்குக் காட்டினாய். இன்ஜினின் எடை, எட்டு நாட்சுக்கும் எத்தனை சுற்று, பிரேக் போட்டால் காற்று எவ்வளவு வேகத்தில் இறங்கும், தண்டவாளத்தைச் சக்கரம் எவ்வளவு பிடிக்கும், எல்லாம் அதில் வெறும் எண்கள். எண்ணை மாற்றினால் இன்ஜினின் குணம் மாறும். நான் சொல்லச் சொல்ல நீ பொட்டலம் மடிக்கிற தாளில் குறித்துக்கொள்வாய். பிறகு, தராசில் பருப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுகிற மாதிரி, ஒவ்வொரு எண்ணையும் ஏற்றி இறக்குவாய். முழு லோடு மாட்டி, கிளப்பிப் பார்த்து, நிறுத்தி, மறுபடி கிளப்பி. இடையில் ஒருத்தர் வந்து கால் கிலோ ரவை கேட்டால் எழுந்து போய்க் கட்டிக் கொடுத்துவிட்டு அதே இடத்திலிருந்து தொடர்வாய். எனக்கெல்லாம் அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

பிரேக் சரியாக வந்த மதியத்தை மறக்க மாட்டேன். நீ பிரேக் பிடித்தாய், கடைசி வேகன் வரை காற்று இறங்கி, வண்டி கொஞ்சம் முன்னால் தள்ளி, பிறகு அடங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் உடம்பு, தானாகப் பின்னால் சாய்ந்து தன்னைத் தாங்கிக்கொண்டது. நீ அதைப் பார்த்துவிட்டாய். எப்படிக் கீது என்று கேட்டாய். பரவாயில்லை என்றேன். தப்பு என்று சொல்ல ஏதாவது கிடைக்காதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, இதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு நாள் டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேறு டிப்போ டிரைவர் ஒருவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, இந்த இன்ஜினைச் செய்தவர் எந்த இன்ஜின் ஷெட்டில் வேலை செய்து ரிட்டயர் ஆனவரோ, நாம் ஓட்டுகிற வண்டி மாதிரியே இருக்கிறது என்றார். இன்னும் வெளியிடாமல், ஓட்டிக் காட்ட மட்டும் நீ இணையத்தில் போட்டிருந்த உன் இன்ஜின். ஷெட்டும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, காலடிப்பேட்டையில் பருப்பு விற்கிற ஆள் என்றேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, அப்படின்னா இன்னும் பெரிய ஆள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வயிறு எரிந்தது அண்ணாச்சி. நான் வெயிலிலும் கரித்தூளிலும் சம்பாதித்த அறிவு அது. நீ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அதற்கு முதலாளி ஆகிவிட்டாய். என் வீட்டிலேயே, அண்ணாச்சிக்கு இன்னா மூளை பாரு என்று பேச்சு வந்தது.

போன மார்கழியில் நீ கடைசிக் கேள்வியைக் கேட்டாய். எல்லாம் முடிந்தது, ஈரத் தண்டவாளம் ஒன்றுதான் பாக்கி. பனி பெய்த காலையில் முழு லோடோடு கிளம்பும்போது எத்தனையாவது நாட்சில் சக்கரம் வழுக்கும்?

இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வான். எண்ணூரில் கடல் பனி தண்டவாளத்தில் இறங்கும், அதன்மேல் கரித்தூள் படியும், இரண்டும் சேர்ந்தால் எண்ணெய் தடவின மாதிரி. மூன்றாவது நாட்சிலேயே சக்கரம் நின்ற இடத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். சக்கரத்துக்கு முன்னால் மணல் விட்டு, நாட்சை இறக்கி, குழந்தையைத் தாஜா பண்ணுகிற மாதிரித்தான் கிளப்ப வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் நீ பார்த்திருக்க முடியாது. உனக்குத் தெரிந்த ஆட்களில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

"அஞ்சு வரிக்கும் தாங்கும்" என்றேன்.

நீ தாளில் அஞ்சு என்று எழுதிக்கொண்டாய். பாட்டிலிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தாய். நான் அதைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். கொஞ்சங்கூட உறுத்தவில்லை, அதுதான் ஆச்சரியம்.

தை மாதம் நீ இன்ஜினை வெளியிட்டாய். மாசியில், நான் எதிர்பார்த்தது நடந்தது. அந்த விளையாட்டுக்காரர்களின் இணையக் குழுவில் நிஜ டிரைவர் ஒருவர் எழுதினார்: எல்லாம் அருமை, ஆனால் ஈரத்தில் இந்த இன்ஜின் வழுக்கவே மாட்டேன் என்கிறது, கடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பனி எப்படித் தெரியும். அதற்குக் கீழே பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். உன் பதில் ஒரே வரி. "ஓட்டத் தெரியாதவன் செஞ்சது, மன்னிச்சுக்குங்க." என் பேரை நீ இழுக்கவில்லை. நான் அதை மூன்று தடவை படித்தேன். டீ குடித்தேன், அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அப்புறம் மெல்ல மெல்ல உறுத்த ஆரம்பித்தது. நீ என்னைப் பார்த்தால் பழையபடியே டிரைவரே என்றாய், ஸ்டூலைத் துடைத்துப் போட்டாய். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வந்தேன். ஒரு தடவை கடையில் கூட்டம். இன்னொரு தடவை கூட்டமே இல்லை, நான்தான் புளி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வைகாசியில் ஒரு நாள் காலை அரிசி மூட்டையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் காட்டுப்பள்ளியில் வண்டியோடு நின்றிருந்தேன். வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் பாதர் ஜெபத்தை முடித்துவிட்டார். எல்லாரும் போல நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

இப்போது இந்த லேப்டாப். போன ஞாயிறு, எண்ணைத் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் கோப்பைத் திறந்தேன். ஈரத் தண்டவாளத்துக்கான இடத்துக்கு வந்தேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நீ ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாய். விளையாட்டு அதைத் தாண்டிப் போய்விடும், திறந்து பார்க்கிற ஆளுக்கு மட்டும் தெரியும். "டிரைவர் சொன்னது 5. காத்திவாக்கம் கேட்ல 3 நாள் பாத்தது 3. டிரைவரோடதே இர்க்கட்டும்."

அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு உன் கடைக்கு வந்தேன். உன் வீட்டுக்காரி கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்து இருபது வருஷமாகியும் தூத்துக்குடிப் பேச்சு மாறாதவள். கேட்டில் என்ன பார்த்தான் என்று கேட்டேன். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, போன மார்கழியில் நீ மூன்று நாள் காலையில் கடையைத் திறக்காமல் போனதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட நேரத்துக்குக் கடையை அடைக்காதவன் நீ. பால் வாங்க வந்தவர்களெல்லாம் அவளைத் திட்டினார்களாம். குல்லா போட்டுக்கொண்டு, லெவல் கிராசிங்கில் நின்று, என் வண்டி கிளம்புவதைக் கேட்டிருக்கிறாய். எட்டு நாட்சின் சத்தத்தையும் தனித்தனியாகப் பிரிக்கத் தெரிந்த காது உனக்கு. மூன்றாவது நாட்சில் என் சக்கரம் சுற்றியதை நின்று பார்த்திருக்கிறாய். அதுவும் நான் ஓட்டிய வண்டியில்.

தெரிந்துமா அஞ்சு என்று போட்டான் என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன் அண்ணே. டிரைவருக்கு எம்மேல காண்டுன்னு சொல்லிச் சிரிச்சாவ. மத்த எல்லாம் நானே செஞ்சுட்டேன், அவருக்குன்னு ஒண்ணு இர்க்கட்டும் வுடுன்னுட்டாவ."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. நான் ஏமாற்றினேன் என்று நினைத்தேன், நீ எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாய். குழுவில் பத்துப் பேர் சிரித்தபோதும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அதைக் காப்பாற்றியிருக்கிறாய். ஏன்யா, ஒரு தடவை என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் என்ன? நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்த வேண்டுமா?

இரண்டு நாள் யோசித்தேன். விட்டுவிட்டால் அந்த இன்ஜினில் என் எண் இருக்கும், நீ கடைக்குள் உட்கார்ந்து தப்பாகச் செய்தவனாகவே இருப்பாய். நேற்று மூன்றுக்குத் தகுந்தபடி எண்ணை மாற்றினேன். பனி விழ வைத்து, முழு லோடு மாட்டிக் கிளப்பிப் பார்த்தேன். மூன்றில் வழுக்கியது. உன் குறிப்பை அழிக்கவில்லை. இன்ஜினைக் குழுவில் போட்டு, அஞ்சு என்று சொன்ன டிரைவர் நான்தான், பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன், அண்ணாச்சி மூன்று நாள் பனியில் நின்று பார்த்துச் சரியான எண்ணைத் தெரிந்துவைத்திருந்தார் என்று எழுதினேன். இருபத்திரண்டு வருஷ டிரைவர் இப்படி எழுதினால் காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலைக்குள் நாற்பது பேர் பதில் போட்டுவிட்டார்கள். உன்னைக் கிண்டல் செய்த டிரைவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மூன்று நாள் பனியில் நின்றாராமே, என்ன மனுஷனய்யா என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் உன் போட்டோ கேட்கிறார். என்னைத் திட்டக்கூட ஒருத்தனும் மெனக்கெடவில்லை. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது, எரியட்டும் என்று கடைசி வரை படித்தேன்.

எனக்கென்று நீ விட்டுவைத்த ஒன்றையும் நானே அழித்துவிட்டேன், இனி அது முழுக்க உன் இன்ஜின். எனக்கு நாளை காலை எண்ணூர் டூட்டி. மார்கழி, தண்டவாளம் நனைந்துதான் கிடக்கும், மூன்றாவது நாட்சில் சக்கரம் சுற்றத்தான் சுற்றும். இந்த வாரம் முழுக்க அந்த இடம் வரும்போது, மணல் விடுவதற்கு முன்னால், கேட்டில் குல்லா போட்டு நிற்கிற ஆட்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் நாட்சை இறக்குகிறேன்.