எட்டு ரப்பர் கால்கள்

நேற்று உன் வீட்டுக்காரி ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தாள். திறந்ததும் டயர்க்கடை வாசனை. உள்ளே எட்டு கறுப்பு ரப்பர் கால்கள். உன் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு அடியில் வைக்க ஆசை ஆசையாக வரவழைத்தாயே, அவைதான்.

பார்சல் தென்காசிக்கு வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தாய். ஸ்பீக்கர்கள் நீளப் பெஞ்சின் இரண்டு கோடியிலும் இருந்தன. "பெட்டி அதிருச்சுன்னா பெஞ்சும் சேந்து பாடும்லே. நமக்குப் பாட்டு மட்டும் போதும்" என்றாய். செங்கோட்டை ரோட்டில் லாரி போனால்கூட ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நீ. கால்களை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை, ஒரே பாட்டைப் போட்டாய். எது சுத்தம் என்று கேட்டாய்.

பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றே என் காது பாதிக்கு மேல் போய்விட்டதை நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். கால்கள் இருந்தபோது கண்ணை மூடியிருந்தாய். வைத்தால்தான் நன்றாக இருக்கிறது என்று அடித்துவிட்டேன். அன்றைக்குப் பரோட்டா உன் செலவு.

அதற்கப்புறம் எப்போதோ ஒரு நாளிலிருந்து எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை. மற்றவர்கள் வந்தால் நாற்காலி, நான் வந்தால் பெஞ்சு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். ஆனால் மத்தளம் தொடையில் ஏறும், உள்ளங்கைக்கு வரும், என் தலை தானாக ஆடும். காது தேறி வருகிறது என்றுகூட நினைத்தேன், மடையன்.

டப்பாவைக் கொடுத்தபோது அவள் சொன்னாள்: "நீங்க வருதீங்கன்னா காலைலயே இதை உருவி டப்பால போட்டுருவாவ அண்ணாச்சி. நீங்க போனப்பொறவு திரும்ப வைப்பாவ. ஏன்னு கேட்டா சிரிப்பாவ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பொய்யைச் சோதித்தாயா? சோதனை என்றால் ஒரு நாள் போதாதா, இத்தனை ஞாயிற்றுக்கிழமை எதற்கு? தெரிந்துதான் செய்தாய் என்றால் எப்படித் தெரிந்தது? என் காது போனதை ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னேன், சாரல் நாளில், குற்றாலத்தில், நம் இரண்டு பேர் தலையிலும் அருவி விழுந்துகொண்டிருந்தபோது. அந்த இரைச்சலில் உனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னது. நீயும் திரும்பி ஏதோ சொன்னாய். கரைக்கு வந்து என்ன என்று கேட்டேன். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதாம்.

குற்றாலம் போனதற்கு முன்பா, அப்புறமா, எப்போது பெஞ்சுக்கு மாறினேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். முன்னே பின்னே குழம்புகிறது. நீ இருக்கும்போதே உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்குமே என்று வெட்கப்பட்டேன். இப்போது அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இன்று காலை என் வீட்டு வாசலில் உன் ஸ்பீக்கர்களை இறக்கிய வண்டியிலிருந்து பெஞ்சும் இறங்கியது. உன் வீட்டுக்காரியிடம் போனில் கேட்டேன். "பெட்டியக் குடுத்தா பெஞ்சையும் சேத்துக் குடுன்னு சொல்லிட்டுத்தான் போனாவ" என்றாள்.

டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். பாட்டு ஓடுகிறது. நடுவில் உட்கார்ந்து இரண்டு கையையும் பலகையில் ஊன்றியிருக்கிறேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் அன்றைக்குச் சொன்னது பொய்தான். வைக்காமல்தான் நன்றாக இருக்கிறது.