தந்தமுள்ள தாய்

டண்டினொங், அவுஸ்திரேலியா, 1977

மச்சான்,

இன்று சந்தையில் ஒரு சீப்பைக் கையில் எடுத்தேன். பழைய சாமான் விற்கிற கிழவி, "அசல் ஆப்பிரிக்கத் தந்தம்" என்றாள். பல்லிடுக்கில் யாரோ ஒருத்தியின் தலைமயிர் சிக்கியிருந்தது. "தாய் யானையுடையதா?" என்று கேட்டேன். "சீப்பு, தம்பி. தலை இழுக்கிறதுக்கு" என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வைத்துவிட்டு வந்துவிட்டேன். வந்த கையோடு இதை எழுதுகிறேன். செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுவது புத்தியுள்ள வேலை இல்லை. தெரியும்.

சாம்பியாவில் கணிதம் படிப்பித்துவிட்டு நீ என் அறைக்கு வந்தபோது உன் பெட்டியில் ஒரு நல்ல சட்டை இல்லை. பிள்ளைகளுக்கான யானைக் கதை ஒன்றுதான் பாதி எழுதியபடி கிடந்தது. கறிவேப்பிலை கிடைக்காத இந்த ஊரில், சனிக்கிழமைகளில் நான் குசினியில் வெங்காயம் வெட்ட, நீ கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நாடியை வைத்துக்கொண்டு வாசிப்பாய். பிழை கண்டால் நான் கத்தியால் பலகையில் தட்டவேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

முதல் நாளே தட்டினேன்.

"பெண் யானைக்குத் தந்தமோ? விசரே உனக்கு? நாங்கள் யானை காணாத ஆக்களே?"

"எஞ்சினியர் ஐயா, நீர் கண்டது எங்கடை யானை. அங்கை தாய்க்கும் இருக்கு."

நம்பாமல் திரும்பவும் தட்டினேன். நீ சிரிக்கவில்லை. "அதாலைதான் தாயையும் சுடுறாங்கள்" என்றாய். பிறகு, ஒருநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் யன்னலால் கண்டதைச் சொன்னாய். முகம் வெட்டி எடுக்கப்பட்ட தாய். பக்கத்தில் அசையாமல் ஒரு குட்டி. அடுப்பில் வெங்காயம் கருகியது.

"அந்தக் குட்டிக்கு என்ன நடந்தது?"

"ஆருக்குத் தெரியும்? பஸ் வெளிக்கிட்டிட்டுது. அதாலைதான் எழுதுறன்."

கதையில் நீ அதைக் காப்பாற்றப் பார்த்தாய். நான் விடவில்லை. "பால்குடி. தாயில்லாமல் தப்பாது. பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதை." நீ முடிவை மாற்றி மாற்றி எழுத, நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை அலுத்துப்போய், "சுட்டவனைத் தூக்கிலை போட்டுக் கதையை முடியன்" என்றேன். "வாங்குறவன்ரை வீட்டிலையெல்லோ கதை முடியுது" என்றாய். அது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இன்று சீப்போடு நின்றபோது விளங்கியது.

உனக்கு இரத்தப் புற்று என்று டொக்டர் சொன்னபோது, அதையும் பிழை என்று தட்டத்தான் எனக்குக் கை வந்தது.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் நான் பார்க்க வந்த பின்னேரம், தலையணைக்குக் கீழிருந்து கதையை எடுத்துத் தந்தாய். "முடிவை நீ எழுது, மச்சான். குட்டி தப்பவேணும். நீ தட்டாத மாதிரித் தப்பவேணும்." ஓம் என்றேன்.

பம்பும் வால்வும் தவிர வேறொன்றும் படிக்காதவன், வேலை விட்டு நேரே நூலகத்துக்குப் போய் யானைகளைப் பற்றி வாசித்தேன். வழி இருந்தது. குட்டியின் வயதைக் கூட்டினேன். இப்போது அது பால் மறந்து புல் தின்னப் பழகிய குட்டி. தாய் போனாலும் கூட்டத்தில் சித்திமாரும் பெரியம்மாமாரும் இருக்கிறார்கள். அதை நடுவில் விட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். நீ ஆசையாக எழுதிய பால்குடிக் காட்சிகளை வெட்டவேண்டி வந்தது. கோபிக்காதே.

வரைபடத்தில் கீறாமல் விட்டதைக் கேட்கிற பழக்கம் எனக்கு உன்னால் வந்தது. அந்தக் கிழவியிடம் வாய் திறந்ததும் அதனால்தான். இதற்கெல்லாம் நேரில் நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு கிழமைக்குப் பகிடி பண்ணியிருப்பாய்.

சற்று முன், கடிதத்தை இடையில் நிறுத்திவிட்டு, கதிரையைத் திருப்பிப் போட்டு, முழுவதையும் சத்தமாக வாசித்தேன். கத்தி பலகையில்தான் கிடந்தது. ஓரிடத்திலும் தட்டவில்லை.

குட்டி தப்பிவிட்டது, மச்சான்.